உருளைக்கிழங்கை எந்தக் கணக்கில் எழுதுவது?

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். உசிலம்பட்டி பக்கம் மளிகையும் காய்கறியும் சேர்த்துக் கடை வைத்திருக்கிறேன். வயது 54. சுகர் வந்து ஆறு வருடம் ஆகிறது, பிரஷருக்கும் மாத்திரை எடுக்கிறேன். போன மாதம் சுகரின் மூன்று மாதச் சராசரி 7.8 என்று வந்ததிலிருந்து என் மனைவி தடை போட்டுவிட்டாள், வீட்டில் உருளைக்கிழங்கு கிடையாது. தினமும் மூட்டை மூட்டையாக நிறுத்து விற்பவனுக்கு ஒரு துண்டு கிழங்கு இல்லை. சோற்றையும் குறைத்துவிட்டேன், மதியம் இரண்டு தட்டுதான். பரவை மார்க்கெட்டுக்கு லோடு எடுக்க வரும் நாட்களில் மட்டும் யாருக்கும் தெரியாமல் பூரி மசால் சாப்பிடுவேன், அதையும் மறைக்கவில்லை. இதற்கிடையில் உருளைக்கிழங்குச் சாறு வெறும் வயிற்றில் குடித்தால் அல்சர், மூட்டுவலி, கிட்னி எல்லாம் சரியாகும் என்று மச்சினிக்கு வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. என் அம்மாவுக்கு 77 வயது, கிரியேட்டினின் 2.1. அவருக்குக் கொடுத்துப் பார்க்கலாமா என்கிறார்கள். ஜிம்முக்குப் போகிற மகனோ உருளை குப்பை, சீனிக்கிழங்குதான் நல்லது என்கிறான். உருளை நல்லதா கெட்டதா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

பதில்:

அண்ணாச்சி, வணக்கம். முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை, டயட்டீசியன். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டர் வேலை, தட்டில் என்ன விழுகிறது என்பது மட்டும்தான் என் வேலை.

கேட்ட ஒரு வரியைச் சொல்வதற்கு முன்னால் அந்தச் சாறு விஷயத்தை முடித்துவிடுவோம், அதுதான் அவசரம். அம்மாவுக்கு உருளைக்கிழங்குச் சாறு கொடுக்காதீர்கள். நாளைக்கும் வேண்டாம், ஒரு நாள் பார்ப்போம் என்றும் வேண்டாம். கிரியேட்டினின் 2.1 என்றால் சிறுநீரகம் பாதி வேலைகூடப் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பில் சேருகிற பொட்டாசியத்தில் பெரும்பங்கை வெளியே தள்ளுவது சிறுநீரகம்தான். அது தள்ளாவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், பல நேரம் முன்னறிவிப்பே இருக்காது. பச்சை உருளையில் 100 கிராமுக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கிறது. ஒரு டம்ளர் சாறு எடுக்க நாலைந்து கிழங்கு பிழிவார்கள், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கிட்னியைச் சரியாக்கும் என்று அனுப்பியவர்கள் கிட்னி நோயாளிக்கு எது ஆகாதோ அதையே எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அல்சர், மூட்டுவலி ஆறும் என்பதற்கும் நம்பும்படியான ஆதாரம் கிடையாது. பச்சை ஸ்டார்ச் சரியாகச் செரிக்காமல் வயிற்றைப் பொருமவைப்பதுதான் மிச்சம்.

அம்மாவுக்குப் பல் இல்லாமல் மசித்த கிழங்குதான் இறங்குகிறது என்றால் அதற்கு வழி இருக்கிறது, கீழே வருகிறேன்.

இப்போது உங்கள் ஒரு வரி. உருளைக்கிழங்கைக் காய்க் கணக்கில் எழுதாதீர்கள், சோற்றுக் கணக்கில் எழுதுங்கள். பற்று வரவு எழுதிப் பழகியவர் நீங்கள், உங்களுக்கு இது சட்டென்று பிடிபடும். நல்லதா கெட்டதா என்ற கேள்வி எழுவதே அதைத் தப்பான பக்கத்தில் எழுதி வைத்திருப்பதால்தான்.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? இன்றைக்கு என்ன கறி என்று கேட்டால் "உருளைக்கிழங்குப் பொரியல்" என்கிறோம். தட்டில் சோறு, சாம்பார், பக்கத்தில் உருளை, ஓரத்தில் அப்பளம். பார்க்க முழுச் சாப்பாடு மாதிரி இருக்கிறது, ஆனால் அதில் காய் என்று ஒன்றுமே கிடையாது, சோறும் சோற்றுக்கு இன்னொரு சோறும்தான். 100 கிராம் வெந்த சோற்றில் மாவுச்சத்து ஏறக்குறைய 28 கிராம், 100 கிராம் அவித்த உருளையில் 20 கிராம். அதாவது உருளை சோற்றைவிடக் கொஞ்சம் லேசான சோறு. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 400 கிராம் பழமும் காயும் சாப்பிடச் சொல்கிறதே, அதில் உருளை, சீனிக்கிழங்கு, மரவள்ளி மாதிரிக் கிழங்குகள் சேராது என்று தனியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் மதினி போட்ட தடையும் சரியில்லை. நானும் ஒரு காலத்தில் அதே தடையைப் போட்டவள்தான் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். படித்து முடித்து முதலில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் சுகர் நோயாளிகளுக்கென்று ஒரு ஜெராக்ஸ் தாள் இருக்கும், ஜெராக்ஸின் ஜெராக்ஸாகி எழுத்தே மங்கிப்போனது. அதில் "தவிர்க்க வேண்டியவை" என்று போட்டு, சர்க்கரை, வெல்லம், மாம்பழம், அடுத்த வரி "மண்ணுக்கு அடியில் விளையும் எல்லாம்". நானும் அதைக் கையில் கொடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தேன். மகால் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி வருவார், சௌராஷ்டிர வீட்டு அம்மா, சொன்னால் சொன்னபடி நடப்பவர். மூன்று மாதம் கழித்து வந்தார், உருளை, கேரட், பீட்ரூட் எதையும் தொடவில்லை என்று சத்தியம் செய்தார், சுகர் மட்டும் ஏறியிருந்தது. உட்காரவைத்து விசாரித்தால் விஷயம் எளிது. தொட்டுக்கொள்ளப் பிடித்த கறி இல்லாததால் குழம்பை ஊற்றி ஊற்றி ஒரு தட்டு சோறு கூடப் போயிருக்கிறது. கிழங்கில் தினம் 20 கிராம் மாவுச்சத்தைத் தடுத்து, சோற்றில் 60, 70 கிராமுக்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்தத் தாளைக் கிழித்தேன். கேரட்டுக்கும் பீட்ரூட்டுக்கும் மனதுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன், அதுகளைத் தடுத்ததற்குக் காரணமே கிடையாது.

உங்கள் கடிதத்தில் "சோற்றைக் குறைத்துவிட்டேன், மதியம் இரண்டு தட்டுதான்" என்ற வரியைப் படித்ததும் எனக்கு அந்தப் பாட்டி ஞாபகம்தான் வந்தது. அண்ணாச்சி, 7.8-க்குக் காரணம் தேட உருளை மூட்டை வரை போக வேண்டாம், அந்த "தான்" போதும்.

சரி, கிழங்கில் நல்லது என்னதான் இருக்கிறது? பெரிதாகச் சொல்ல வேண்டியது பொட்டாசியம். அம்மாவுக்கு ஆகாத அதே பொட்டாசியம் பிரஷர் உள்ளவர்களுக்கு வேண்டியதாக இருக்கிறது, சத்து விஷயத்தில் இப்படித்தான், ஆளுக்கு ஆள் மாறும். உப்பில் உள்ள சோடியம் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியம் அந்தச் சோடியத்தைச் சிறுநீரில் வெளியே தள்ளவும் ரத்தக்குழாயின் இறுக்கத்தைத் தளர்த்தவும் உதவும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 3,500 மில்லிகிராம் அளவில் வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பொட்டாசியம் என்றால் எல்லோரும் வாழைப்பழம் என்பார்கள். 100 கிராம் வாழைப்பழத்தில் 360 வாக்கில் இருக்கிறது, அதே அளவு தோலோடு அவித்த உருளையில் 380. வெள்ளைச் சோற்றில் எவ்வளவு தெரியுமா, வெறும் 35. ஒரு கைச் சோற்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அவித்த உருளையை வைத்தால் மாவுச்சத்து கொஞ்சம் குறைகிறது, பொட்டாசியம் பத்து மடங்கு கூடுகிறது. இதை வேண்டாம் என்று தள்ள எனக்கு மனது வரவில்லை.

அப்புறம் வைட்டமின் சி. பச்சைக் கிழங்கில் 100 கிராமுக்கு 20 மில்லிகிராம் வாக்கில் இருக்கும், தோலோடு அவித்தால் 13 நிற்கும், தோலைச் சீவி நறுக்கி அவித்தால் இன்னும் குறையும், தண்ணீரோடு போய்விடும். நெல்லிக்காயும் கொய்யாவும் விளைகிற ஊரில் இது ஒரு பெருமையா என்று கேட்பீர்கள், நியாயம்தான். ஆனால் பழம் காய் சரியாகக் கிடைக்காத குளிர்நாடுகளில் பல நூற்றாண்டு ஏழை ஜனங்களை, வைட்டமின் சி குறைவால் வருகிற ஸ்கர்வி நோய் வராமல் காத்தது இந்தக் கிழங்குதான். 1845-ல் அயர்லாந்தில் நோய் விழுந்து உருளை விளைச்சல் அழிந்து பஞ்சம் வந்தபோது, பட்டினியோடு ஸ்கர்வியும் சேர்ந்து வந்தது. பி6 வைட்டமினும் ஓரளவு இருக்கிறது. புரதம் 2 கிராம்தான், அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது.

எனக்குப் பிடித்த விஷயம் இன்னொன்று, வயிறு நிறைவது. 1995-ல் ஆஸ்திரேலியாவில் சிட்னி பல்கலைக்கழகத்தில் 38 உணவுகளை ஒரே கலோரி அளவில் கொடுத்து, இரண்டு மணி நேரம் யாருக்கு எவ்வளவு பசி தாங்குகிறது என்று பார்த்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்துக்கொண்டால் அவித்த உருளை 323 வாங்கியது, 38-ல் அதற்குத்தான் முதலிடம். காரணம் பெரிய ரகசியம் இல்லை, கிழங்கில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். கலோரி குறைவு, இடம் அதிகம். ஒரு நடுத்தரக் கிழங்கு, 150 கிராம் என்று வையுங்கள், அவித்தால் 130 கலோரிதான் வரும்.

ஆனால் உடனே மகனைக் கூப்பிட்டுப் "பார்த்தாயா" என்று காட்டிவிடாதீர்கள், இனிமேல்தான் விவகாரம் இருக்கிறது. மேலே சொன்னது எல்லாம் அவித்த கிழங்கின் கதை. நாம் அதை அவித்தா சாப்பிடுகிறோம்? ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி. அதாவது முழுக் கிழங்கில் உள்ளது ஏறக்குறைய ஒரு கரண்டி எண்ணெயில் வந்துவிடும். கல்யாண வீட்டில் சமையல்காரர் போடும் உருளைக்கிழங்குக் காரக்கறி மினுமினுவென்று இருக்குமே, அந்த மினுமினுப்புக்கு விலை அதுதான். சிப்ஸ் இன்னும் மோசம். நீங்களே கடையில் பார்த்திருப்பீர்கள், ஒரு கிலோ சிப்ஸ் வர மூன்று நாலு கிலோ கிழங்கு போகும். மிச்ச எடை எங்கே போனது? தண்ணீராகக் கொதித்துப் போனது, அது விட்டுப்போன ஓட்டையில் எண்ணெய் ஏறி உட்கார்ந்துகொண்டது. 100 கிராம் சிப்ஸில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய், 530 கலோரிக்குக் குறையாது, போதாக்குறைக்கு உப்பு. பிரஷருக்கு நல்லது என்று ஆரம்பித்த பொருளை நாமே கெடுத்துவிடுகிறோம்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. அமெரிக்காவில் மருத்துவத் துறையில் வேலை பார்த்த 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2025-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. வாரத்தில் மூன்று முறை பிரெஞ்சு ஃப்ரைஸ் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 20 சதவீதம் கூடியிருந்தது. அவித்தோ சுட்டோ மசித்தோ சாப்பிட்டவர்களிடம் அப்படிக் குறிப்பிடும்படி எதுவும் இல்லை. அதில் நம் ஊருக்கு வேண்டிய செய்தி கொஞ்சம் உள்ளே இருக்கிறது: உருளைக்குப் பதிலாக முழுதானியம் சாப்பிட்டால் ஆபத்து குறைகிறது, வெள்ளை அரிசி சாப்பிட்டால் கூடுகிறது. அங்கே உருளை முக்கிய உணவு, இங்கே அது சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது, அதனால் அப்படியே தூக்கி வைத்துப் பேச முடியாது என்பதும் உண்மை. ஆனாலும் உருளையை விரட்டிவிட்டு அந்த இடத்தில் சோற்றைப் போடுகிற நம் வழக்கத்துக்கு அது நல்ல பதில்.

உருளை சுகரை ஏற்றாதா என்றால், ஏற்றும். மாவாக மசித்துச் சுடச்சுடச் சாப்பிட்டால் வேகமாகவே ஏற்றும். எவ்வளவு மசிகிறதோ அவ்வளவு சீக்கிரம் செரித்து ரத்தத்தில் கலக்கும், அதனால் துண்டாக இருப்பது மேல். அவித்து ஆறவைத்தால் அதில் உள்ள ஸ்டார்ச்சில் ஒரு பங்கு இறுகிக்கொண்டு, சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் அங்கே இருக்கிற நல்ல கிருமிகளுக்குத் தீனியாகும். பழைய சோற்றில் நடப்பதும் இதேதான். மறுபடி சூடு பண்ணினாலும் அது முழுக்கப் போய்விடாது. அதனால் காலையில் அவித்து, ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்து, மதியம் தாளித்துக்கொள்ளலாம். வெளியே வைக்காதீர்கள், சித்திரை வெயிலில் அவித்த கிழங்கு மதியத்துக்குள் நூல் விட்டுவிடும். எலுமிச்சையோ புளியோ தயிரோ சேர்ந்தாலும் சுகர் ஏறும் வேகம் குறையும். இதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உதவுகிற விஷயங்கள், ஆறின கிழங்குதானே என்று அரைக் கிலோ சாப்பிட்டால் ஒன்றும் காப்பாற்றாது.

பூரி மசாலுக்கு வருவோம். மதினி இதைப் படிக்க மாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதியிருக்கிறீர்கள், பாவம். பூரி மசாலில் குற்றவாளி யார் என்று தட்டைப் பார்த்தால் தெரியும். மூன்று பூரி, எண்ணெயில் ஊறிய மாவு. மசாலில் கிழங்கு, அதைக் கெட்டியாக்கக் கரைத்து ஊற்றிய கடலை மாவு. பிறகு ஒரு காபி, அநேகமாகச் சீனி போட்டு. மூன்று பக்கமிருந்தும் மாவுச்சத்து, நடுவில் எண்ணெய், காய் என்று சொல்ல வெங்காயம். இதில் மசாலை மட்டும் எடுத்துத் தூக்கில் போட்டால் என்ன நியாயம்? வாரத்தில் ஒரு நாள், ஒரு பூரி, மசால், கூட இரண்டு அவித்த முட்டை, சீனியில்லாத காபி என்றால் நான் கண்டுகொள்ள மாட்டேன். வீட்டில் மசால் செய்தால் இரண்டு சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ளலாம், அதில் பாதிக்குப் பாதி பட்டாணியும் கேரட்டும் போடச் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் வாயுவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லை என்றாலும் என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது அதுதான். உருளை சாப்பிட்டால் வாயுப்பிடிப்பு, முட்டு வலி, முதுகு வலி என்று ஒரு பழி தலைமுறை தலைமுறையாக ஓடுகிறது. குடலில் அதிகம் புளித்து வாயு உண்டாக்குகிற உணவுகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, குடல் எரிச்சல் நோய்க்காரர்களுக்கு அதைப் பார்த்துத்தான் உணவு எழுதுவோம். அதில் வெங்காயம், பூண்டு, கடலை வகையெல்லாம் ஆகாத பக்கம், உருளை ஆகும் பக்கம். மசாலில் போடும் வெங்காயமும் கடலை மாவும் செய்த வேலைக்குக் கிழங்கு பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறது. ஆறவைத்த கிழங்கு பழக்கமில்லாதவர்களுக்கு முதல் சில நாள் லேசாகப் பொருமும், அது உண்மை. முதுகு வலிக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது, மூட்டை தூக்குகிறீர்கள் அண்ணாச்சி, வலிக்காமல் என்ன செய்யும்.

மகனின் சீனிக்கிழங்கு கெட்டதில்லை, சாப்பிடட்டும். ஆனால் மாவுச்சத்து இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். உள்ளே ஆரஞ்சு நிறமாக இருக்கிற ரகத்தில் வைட்டமின் ஏ ஆகிற சத்து ஏராளம், நம் சந்தையில் அதிகம் வருவது உள்ளே வெள்ளையாக இருக்கிற ரகம், அதில் அந்தச் சத்து சொற்பம். யூடியூபில் ஆரஞ்சுக் கிழங்கைப் பார்த்துவிட்டு இங்கே வெள்ளைக் கிழங்கை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு உருளையைக் குப்பை என்றால் எப்படி? பயிற்சி முடித்து வந்து அவித்த உருளையும் முட்டையும் சாப்பிட்டால் அவன் உடம்புக்கு நன்றாகவே ஆகும்.

உங்களுக்குக் கணக்கு இப்படி. மதியம் சோற்றை ஒரு தட்டாக்குங்கள். உருளை செய்கிற நாளில் அந்த ஒரு தட்டிலும் ஒரு கை எடுத்துவிட்டு, 100 முதல் 150 கிராம் கிழங்கு வைத்துக்கொள்ளுங்கள், தராசு உங்களிடமே இருக்கிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். அன்றைக்கும் கீரையோ அவரையோ புடலையோ ஒரு காய் கட்டாயம் வேண்டும், உருளை இருப்பதால் காய் தேவையில்லை என்று ஆகிவிடக் கூடாது. முட்டை, மீன், சுண்டல், ஏதாவது ஒன்று கூட இருக்கட்டும். முதலில் காயையும் முட்டையையும் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கும் கிழங்குக்கும் கடைசியில் வந்தால் சுகர் ஏறுவது மட்டுப்படும். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பில் கிழங்கு போடுவார்கள், எல்லோருக்கும் வரவேண்டும் என்பதற்காக நம் பக்கம் வழக்கமே அதுதான், அந்தக் கிழங்கு கொழுப்பையும் உப்பையும் நன்றாகக் குடித்திருக்கும், ருசியும் அதனால்தான். இரண்டு துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான் சொல்வதை அப்படியே நம்பவும் வேண்டாம். வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்கும். ஒரு நாள் வழக்கமான இரண்டு தட்டுச் சோறு, சாப்பிடும் முன்பும் சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்தும் பாருங்கள். இன்னொரு நாள் நான் சொன்ன தட்டு, அதே மாதிரிப் பாருங்கள். உங்கள் ரத்தம் சொல்வதுதான் கடைசிப் பேச்சு. ஒரு எச்சரிக்கை, கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறீர்கள் என்றால் சோற்றைத் திடீரென்று பாதியாக்கும்போது சுகர் ரொம்ப இறங்கி வேர்வை, நடுக்கம் வரலாம். டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.

இப்போது அம்மா. கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் எவ்வளவு என்று பாருங்கள், கிரியேட்டினினை மட்டும் பார்த்துவிட்டு அதைக் கவனிக்காமல் விட்டிருப்பீர்கள். 5-ஐத் தாண்டியிருந்தால் சிறுநீரக டாக்டரைக் கேட்காமல் கிழங்கே வேண்டாம். அதற்குள் இருந்து, டாக்டரும் சரி என்றால், தோலைச் சீவி, சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, நிறையத் தண்ணீர் விட்டு நன்றாகக் கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பொட்டாசியத்தில் பாதி வாக்கில் தண்ணீரோடு போய்விடும். சும்மா ஊறவைத்தால் போகாது, கொதிக்க வேண்டும். அந்தத் தண்ணீரைச் சத்து வீணாகிறதே என்று சாம்பாரில் ஊற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நம் வீட்டுப் பெண்களுக்கு அந்தக் கை வரும். மசித்துக் கொஞ்சமாகக் கொடுக்கலாம். உங்களுக்குத் தோலோடு அவித்தால் நல்லது, அம்மாவுக்குத் தோலைச் சீவச் சொல்கிறேன், இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, இது கடைக்காரர் என்பதால் சொல்கிறேன். சோடியம் குறைந்த உப்பு என்று பாக்கெட்டில் வருகிறதே, அதில் குறைத்த சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. பிரஷருக்கு நல்லது என்று அதை எடுத்து வீட்டுச் சமையலில் போட்டால் அம்மாவுக்கு ஆபத்து. உங்களுக்கும், பிரஷர் மாத்திரை டெல்மிசார்டான், ராமிப்ரில் போன்ற வகையாக இருந்தால், அவை பொட்டாசியத்தைக் கொஞ்சம் பிடித்து வைப்பவை, டாக்டரைக் கேட்காமல் அந்த உப்பு வேண்டாம். கிழங்கு சாப்பிடுவதற்கு இந்தப் பயம் தேவையில்லை, உங்கள் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்ற ரிப்போர்ட் இருந்தால். சுகர் வந்து ஆறு வருடம் ஆகிறதே, அதை எப்போது கடைசியாகப் பார்த்தீர்கள்?

ஊட்டிக் கிழங்கா, ஆக்ரா கிழங்கா என்று வருகிறவர்கள் உங்களிடம் கேட்பார்கள், என்னிடமும் கேட்கிறார்கள். மேட்டுப்பாளையம் வழியாக வருகிற நீலகிரிக் கிழங்குக்கும் கொடைக்கானல் மேல்மலையிலிருந்து இறங்குகிற கிழங்குக்கும் ருசி தனிதான், விலையும் தனிதான். சத்தில் பெரிய வித்தியாசம் பார்க்க வேண்டாம், எது கெட்டியாக, முளைவிடாமல், பச்சை பாயாமல் இருக்கிறதோ அதுவே நல்ல கிழங்கு.

அந்தப் பச்சை சாதாரண விஷயமில்லை. வெளிச்சம் பட்டால் கிழங்குத் தோலில் பச்சை பாயும், பச்சை நிறம் குளோரோஃபில்தான், அதனால் கெடுதல் இல்லை, ஆனால் அதே வெளிச்சத்தில் சொலனின் என்கிற நச்சும் கூடவே ஏறும். முளையிலும் கண்ணிலும் அது அதிகம். அவித்தாலும் பொரித்தாலும் போகாது. வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு என்று வரும், நாம் ஓட்டல் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டிருப்போம். லேசாக ஓரத்தில் பச்சை என்றால் ஆழமாகச் சீவி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சமைக்கலாம். நிறையப் பாய்ந்திருந்தாலோ, வாயில் வைத்ததும் கசந்தாலோ, முளைவிட்டுச் சுருங்கியிருந்தாலோ மொத்தமாகக் குப்பைக்குத்தான். ஃபிரிட்ஜில் பச்சைக் கிழங்கை வைத்தால் ஸ்டார்ச் சீனியாக மாறி, பொரிக்கும்போது சட்டென்று கருகும். இருட்டாக, காற்றோட்டமாக, சணல் சாக்கில் வைப்பதுதான் அதற்கு இடம், வெங்காய மூட்டையைத் தள்ளி வையுங்கள், சேர்ந்திருந்தால் இரண்டும் சீக்கிரம் கெடும். உசிலம்பட்டிக் கடைகளில் வாசலில் வெயில் படுகிற மாதிரி சாக்கை மடித்து அழகாகத் திறந்து வைத்திருப்பார்கள், உங்கள் கடையும் அப்படியென்றால் மூட்டையை உள்ளே இழுத்துவிட்டு ஒரு கூடையில் மட்டும் வெளியே வையுங்கள்.

இரண்டு வாரம் பார்த்துவிட்டுக் குளுக்கோமீட்டர் கணக்கை எழுதி அனுப்புங்கள், அன்றன்றைக்குத் தட்டில் என்ன இருந்தது என்பதையும் சேர்த்து. பரவைக்கு வந்த நாட்களின் கணக்கும் வேண்டும். மதினி கையெழுத்தில் இருந்தால் எனக்கு இன்னும் நம்பிக்கையாக இருக்கும்.